மண்சரிவை யாருக்குக் கொடுப்பது?

இயக்குநர் சேர், உயிரோடு இருக்கும் ஒரு பஸ் கண்டக்டரை நீங்கள் மண்சரிவில் கொன்றீர்கள். கொன்றுவிட்டு அந்தப் பழியை அவருடைய அக்கா மகன் தலையில் போட்டீர்கள்.

இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி வருவது ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதன்பிறகு கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் இருக்கும் நிலையத்தில் ஆலோசகராக இருந்தேன். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைத் தயார் செய்வது அந்த நிலையத்தின் வேலை. இப்போது அதிலிருந்தும் விலகிவிட்டேன். விலகியதால்தான் வாயைத் திறக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருந்தபோதும் அது திறந்துதான் இருந்தது.

விண்ணப்பத்தில் புள்ளிகளையும் சான்றிதழ்களையும் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். ஆளைப் போட்டு உலுக்குவது ஒரே ஒரு கேள்விதான்: “நீங்கள் எதிர்கொண்ட தனிப்பட்ட சவால் ஒன்றைப் பற்றி எழுதுக.” உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்டால் அது முதலில் கூரையைப் பார்க்கும். பிறகு அம்மாவைப் பார்க்கும். அம்மா நம்மைப் பார்ப்பார். அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இந்தத் தொழில். மற்றதெல்லாம் தட்டச்சு.

எங்கள் நிலையத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கஷ்டத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சனிக்கிழமை இதற்கென்றே ஒதுக்கப்படும். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, இயக்குநர் சேர் முன்னால் நின்று பங்கிடுவார். ஒரே கல்லூரிக்கு ஒரே கஷ்டம் இரண்டு போய்விடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதை அவர் ‘தரக் கட்டுப்பாடு’ என்று சொல்வார்.

“மண்சரிவை யாருக்குக் கொடுக்கிறது?”

“போன முறை அந்தக் கல்லூரிக்கு ரெண்டு மண்சரிவு போச்சு சேர்,” என்பார் அலுவலகப் பெண்.

“அப்ப இந்த முறை அங்க வெள்ளத்த அனுப்புங்க. மண்சரிவ வேற நாட்டுக்கு வச்சுக்குவோம்.”

ஒருநாள் ஒரு பையன் கையை உயர்த்தினான். “சேர், எனக்கு ‘படுத்த படுக்கையான அம்மா’ வந்திருக்கு. எங்கம்மா ஸ்கூல்ல நெட்போல் கோச் சேர்.”

“அதுக்கென்ன தம்பி, கோச்சுக்கு நோய் வருத்தம் வராதா?”

“அவங்க கீழ வேன்ல இருக்காங்க சேர். இப்பதான் படியில ஓடி வந்து என்ட தண்ணிப் போத்தல தந்துட்டுப் போனாங்க.”

“கட்டுரைய அம்மாட்ட காட்டாத. அவ்வளவுதான்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கக்கூடிய அளவில்தான் அப்போது அது இருந்தது.

இன்னொரு முறை, நிலையத்து வேனில், நகரத்துப் பிள்ளைகளை ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார் சேர். வறுமையைப் படம் எடுக்க. நகைக்கடைக்காரர் ஒருவரின் மகள் அதில் இருந்தாள். அவளுக்குக் கொழுந்துக் கூடை மாட்டிவிட்டார்கள். அவள் அதை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றாள். மேலேயிருந்து கொழுந்து பறித்துக்கொண்டு வந்த ஒரு பெண் நின்று பார்த்தார்.

“என்னா பாப்பா, புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கி வச்சிருக்க? கொழுந்து முதுகுக்குத்தாம்மா போவும்.”

அதற்குள் பிள்ளையின் காலில் அட்டை ஏறிவிட்டது. அவள் அலறினாள். நான் உப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். சேர் தூரத்தில் நின்று கத்தினார்: “மிஸ், அட்டைய எடுக்காதீங்க! படம் எடுக்கும்வரைக்கும் இருக்கட்டும்!”

திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை வேனில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். காலைத் தேய்த்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். அப்பாவின் கடையில் குழந்தைகளுக்குக் காது குத்துவது அவள்தானாம். முதன்முதலாகக் குத்தியபோது கை நடுங்கி ஓட்டை கோணலாகிவிட்டது. அந்தத் தாய் இன்றைக்கும் தெருவில் கண்டால் குழந்தையின் காதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவாராம். அதன்பிறகு இவள் காது குத்துவதற்கு முன் குழந்தையோடு கொஞ்ச நேரம் விளையாடுவாள், தன் கை அடங்கும்வரை. குழந்தைக்காக அல்ல, தனக்காக.

“இதை எழுதலாமே பிள்ளை,” என்றேன்.

“ஐயோ மிஸ், காது குத்துறதெல்லாம் ஒரு சவாலா? அட்டைதான் நல்லா வந்திருக்குன்னு சேர் சொன்னாரே.”

அட்டையைத்தான் எழுதினாள். அந்தப் படத்தில் அவளுக்குப் பின்னால் எங்கள் வேனும், வேனில் நிலையத்தின் பெயர்ப் பலகையும் தெரிந்தன. கல்லூரி பதிலே போடவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். பெரிய துயரத்தைத் தேடாதீர்கள். ஒரு மண்சரிவில் பிள்ளை என்ன செய்தது? ஓடியது. அது மண்சரிவின் கதை, பிள்ளையின் கதை அல்ல. பிள்ளை தானே கெடுத்து, தானே வெட்கப்பட்டு, தானே சரிசெய்யப் பார்த்த ஒன்று எங்காவது இருக்கும். அதைச் சொல்லும்போது பிள்ளையின் சத்தம் குறையும், நம்மைப் பார்க்காது, வேன் ஜன்னலைப் பார்க்கும். அந்த இடத்தில் பேனையை எடுங்கள்.

இப்போது கண்டக்டருக்கு வருகிறேன்.

யோகேஸ் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். கண்டியில் தங்கிப் படித்ததால், வெட்டுப்புள்ளி கூடிய கண்டி மாவட்டக் கணக்கில் விழுந்து, மருத்துவ பீட அனுமதியை மயிரிழையில் தவறவிட்டவன். இப்போது தோட்டத்திலிருந்து நிலையத்துக்கு வருவதால், தினமும் பேராதனை மருத்துவ பீடத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டு வருவான். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று முழுச் செலவையும் ஏற்று ஒரு சில பேரை எடுக்கும். அது கிடைத்தால் டொக்டர். கிடைக்காவிட்டால் அவனுக்கு வேறு வழியே இல்லை. இதுதான் நிலைமை.

அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கூரையைப் பார்த்தான். பார்க்க அம்மா பக்கத்தில் இல்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“மிஸ், எனக்கு யாராவது செத்துட்டா சிரிப்பு வரும்.”

நான் பேனையை எடுத்தேன்.

“சந்தோஷத்துல இல்ல மிஸ். தாங்க முடியாம வரும். அடுத்த லயத்து வீட்டுல ஒரு ஐயா செத்தப்ப சிரிச்சு, அம்மா எனக்கு அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்கு. பொறகு அம்மா நேந்துக்கிட்டாங்க. மாசி மாசம் காமன் கூத்துல நான் ரதி வேஷம் கட்டுறதுன்னு. எரிஞ்சு போன மன்மதனுக்காக ரதி அழுவணும் இல்ல? ஊருக்கு முன்னுக்கு ஒருக்கா அழுதுட்டா இந்தச் சிரிப்பு போயிரும்னு நெனச்சாங்க.”

“அழுதியா?”

“சேல கட்டி, முடி வச்சு, பூ வச்சு, போய் மன்மதன் தலைமாட்டுல உக்காந்தேன். வாயத் தொறந்தேன் மிஸ். சிரிப்புதான் வந்துச்சு. பொறகு செத்துக் கெடந்த மன்மதனுக்கு வயிறு குலுங்க ஆரம்பிச்சிருச்சு. அவ்வளவுதான். தப்படிக்கிறவரு தப்பு மேளத்தக் கீழ வச்சுட்டாரு. தோட்டமே சிரிச்சுச்சு. அம்மா மட்டும் சிரிக்கல.”

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு முக்கியம். தோட்டத்தில் மரணாதார சங்கம் இருக்கிறது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கதிரை, பந்தலுக்குத் தறப்பால், தேநீர்ப் பாத்திரம் எல்லாம் கொண்டுபோய் இறக்குவது அவர்கள்தான். இவனுடைய மாமா, அம்மாவின் தம்பி, அந்தச் சங்கத்தில் இருப்பவர். இவன் அவரோடு சேர்ந்து கதிரை தூக்கப் போனான். சாவு வீட்டைக் கண்டு ஓடாமல், ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போனான். கையில் வேலை இருந்தால் சிரிப்பு வரவில்லை என்று கண்டுபிடித்தான். கை ஓய்ந்து நிற்கும்போது வந்தது. அதற்கும் ஒரு வழி பிடித்தான். வீட்டுக்காரரிடம் முதலிலேயே போய்க் கையைப் பிடித்து, “எனக்கு இப்படி ஒரு கோளாறு இருக்குங்க, சிரிச்சுட்டா தப்பா எடுத்துக்காதீங்க,” என்று சொல்லிவிடுவான். ஒரு விதவைத் தாய் அவனிடம், “நீ சிரிச்சுக்க ராசா, நான் ரெண்டு பேருக்கும் சேத்து அழுவுறேன்,” என்றாராம்.

சொல்லுங்கள், இதைவிட ஒரு மருத்துவ மாணவனுக்கு என்ன சவால் வேண்டும்? அவனே எழுதினான். நான் ஆங்கிலத்தை மட்டும் திருத்தினேன். நிலையத்தின் கணினியில் போட்டு வைத்தோம். எங்கள் நிலையத்தில் விண்ணப்பத்தை இறுதியாக அனுப்புவது இயக்குநர் மட்டுந்தான். பிள்ளை கையில் கடவுச்சொல் கொடுப்பதில்லை. இதுவும் தரக் கட்டுப்பாடு.

விண்ணப்பம் போனது. நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. நானும் அவனும் அது அவனுடைய கட்டுரைக்கு வந்த அழைப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம்.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்து கம்பளைக்குப் போக பஸ் ஏறினேன். அது யோகேஸின் மாமா கண்டக்டராக இருக்கும் பஸ். என்னைக் கண்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க மிஸ், ஏறுங்க. பொணம் டிக்கட் கிழிக்குதுன்னு பயந்துறாதீங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவர் டிக்கட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

“நேத்து வேல முடிஞ்சு வீட்டுக்குப் போறேன். வாசல்ல தறப்பால் கட்டிக்கிட்டு இருக்கானுங்க. கதிரை எறக்குறானுங்க. எல்லாம் நம்ம சங்கத்து ஆளுங்க. யாருடா செத்தான்னு கேக்குறேன். தலைவரு என்னையப் பாத்துட்டு, ‘நீ எதுக்குடா இங்க வந்த?’ன்னு கேக்குறாரு.”

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்க நெலையத்து முகநூல்ல என் படத்தப் போட்டு மால போட்டிருக்கு மிஸ். மண்சரிவுல நான் போயிட்டேனாம். என் மருமகன் கையால மண்ணத் தோண்டித் தோண்டி என்னையத் தேடினானாம். அதனால டொக்டராகப் போறானாம். என் பொஞ்சாதி வாசல்ல விழுந்து அழுவுறா. ‘காலையில கூட ரொட்டி கட்டிக் குடுத்தேனே’ங்கறா. பக்கத்துல போயி, அழாதடி, நான்தான்னேன். ‘கொஞ்சம் இருங்க’ங்கறா!”

“அப்ப கதிரையெல்லாம் திருப்பிக் கொண்டு போயிட்டாங்களா அண்ணே?” என்று கேட்டார் ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர்.

“எங்க போனானுங்க? கொண்டாந்தது கொண்டாந்துட்டோம், தேத்தண்ணி குடிச்சிட்டே போறோம்னு உக்காந்துட்டானுங்க. என் சாவுக்கு நானே சீனி வாங்கப் போனேன்.”

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்டக்டர் குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

“நான் செத்தது பரவால்ல மிஸ். கட்டுரையில அவன் எழுதாதத அவன் எழுதினதாப் போட்டிருக்கு. வெள்ளக்காரங்க கேட்டா அவன் என்னா சொல்லுவான்?”

நான் கம்பளை வரை போகவில்லை, அடுத்த சந்தியிலேயே இறங்கிக் கண்டிக்குத் திரும்பும் பஸ் பிடித்தேன். நிலையத்தில் சேர் இருந்தார்.

“சிரிப்ப எழுதினா யாரு மிஸ் சீட் குடுப்பாங்க?” என்றார், கதிரையில் சாய்ந்தபடி. “நோயாளி சாகும்போது டொக்டர் சிரிக்கலாமா?”

“அதைத்தான் அவன் எழுதியிருந்தான். சிரிக்காமல் இருக்க என்ன செய்தான் என்று.”

“மிஸ், அந்தக் கல்லூரிக்கு இந்த முறை மண்சரிவு யாருக்கும் கொடுக்கல. சும்மா கிடந்திச்சு. வீணாப் போகவிடலாமா?”

இந்த வாக்கியத்தை அப்படியே கேட்டேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

“உயிரோட இருக்கிற மனுசன் சேர் அவர்.”

“அவங்க வந்து பாக்கவா போறாங்க?”

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னேன். அனுப்பியதை மாற்ற முடியாது என்றார். முகநூல் பதிவை எடுக்கச் சொன்னேன். அதற்கு நிறையப் பேர் கண்ணீர் முகம் போட்டிருக்கிறார்கள், எடுத்தால் நிலையத்துக்கு நட்டம் என்றார். அன்றே நான் யோகேஸைக் கூப்பிட்டுச் சொன்னேன்: அவர்கள் கேட்பதற்கு முன் நீ வாயைத் திற. முதல் வாக்கியமே, ‘இந்தக் கட்டுரை என்னுடையது அல்ல’ என்று இருக்கட்டும். சாவு வீட்டில் செய்வதையே இங்கேயும் செய். அவன் தலையாட்டினான்.

நேர்முகம் சேரின் அறையில், சேரின் மடிக்கணினியில். நான் கதவோரத்தில் இருந்தேன். யோகேஸ் கழுத்துப் பட்டி கட்டியிருந்தான். திரையில் கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவன் வாயைத் திறந்தான். ஆனால் நடுவில் இருந்த வயதான அம்மையார் முந்திக்கொண்டார்.

“தொடங்குவதற்கு முன், உங்கள் மாமாவின் நினைவாக நாங்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருக்க விரும்புகிறோம்.”

மூவரும் தலை குனிந்தார்கள்.

இது நடக்கும் என்று எந்த ஆலோசகரும் எதிர்பார்த்திருக்க முடியாது. சேரும் தலை குனிந்தார்! தானே கொன்ற ஆளுக்குத் தானே மௌனம். யோகேஸின் கைகள் மேசையில் சும்மா கிடந்தன. தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்தான். மூச்சைப் பிடித்தான். பிறகு வெடித்தது.

மூவரும் தலையை நிமிர்த்தினார்கள்.

“மன்னிக்கவும்,” என்றான் அவன், கண்ணில் நீர் வழிய. “மாமா சாகவில்லை.”

“அப்படியானால் மண்சரிவில் இறந்தது யார்?”

“யாரும் இல்லை.”

“மண்சரிவு?”

“அதுவும் இல்லை.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை, குழப்பம்தான். யோகேஸ் இரண்டு கையையும் மேசைக்கடியில் கோர்த்து இறுக்கிக்கொண்டான். சிரிப்பு அடங்கியது. என் கண் முன்னால் அடங்கியது. “எனக்கு ஒரு கோளாறு இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன். இந்தக் கட்டுரையை நான்...” என்று தொடங்கினான்.

சேர் எட்டி மடிக்கணினியை மூடினார்.

“சிக்னல் போயிட்டு,” என்றார்.

புதிதாக வந்தவர்களே, இந்தத் தொழிலில் நெருக்கடி என்பது பொய் வெளிப்படும் நேரம் அல்ல. உண்மை பாதி சொல்லப்பட்ட நேரம்தான். மீதிப் பாதியைச் சொல்ல விட்டிருந்தால் அந்த அம்மையார் கேட்டிருப்பார். கேட்கத் தயாராக இருந்த முகம் அது. அந்த நேரத்தில் கணினியைத் திறந்து வைப்பதுதான் நம் வேலை. நான் பாய்ந்து திறந்தேன். திரையில் ஒருவரும் இல்லை.

அன்று பின்னேரமே சேர் கல்லூரிக்கு அறிவித்தார், மாணவன் தங்களையும் ஏமாற்றிவிட்டான் என்று. மாலை போட்ட படத்தை எடுத்துவிட்டு, அதே முகநூலில், ‘பொய்த் தகவல் தந்த மாணவர் ஒருவரை நீக்கியுள்ளோம்’ என்று போட்டார். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவை இல்லை, கம்பளையிலிருந்து புசல்லாவை வரை பஸ்ஸில் போகும் எல்லோருக்கும் பெயர் தெரியும். நான் அடுத்த நாளே வேலையை விட்டேன்.

நடந்ததை யோகேஸ் கல்லூரிக்கு எழுதினான். கல்லூரி அவனுக்கு ஒரே பதில்தான் சொன்னது. கட்டுரையை யார் எழுதினார்கள் என்பதை நிலையமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், அடுத்த சுற்றில் அவனுடைய விண்ணப்பத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அவன் பொய் சொன்னவன், இனி எப்போதும் விண்ணப்பிக்க முடியாது. நான் சாட்சி சொன்னேன். விலகிப்போன ஊழியரின் பேச்சு போதாது என்றார்கள். மாமா தானே கெமராவுக்கு முன்னால் வந்து நிற்கத் தயார்.

“நான் உசுரோட இருக்கேன்னு காட்டுறேன் மிஸ். வேணும்னா டிக்கட்டும் கிழிச்சுக் காட்டுறேன்.”

அவர் வந்து நின்றால் என்ன நிரூபணமாகும்? கட்டுரை பொய் என்பது. அதுதான் அவர்களுக்கே தெரியுமே. பொய் யாருடையது என்பதை உயிரோடு இருக்கும் மாமாவாலும் காட்ட முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் ஒரே ஆள்.

ஆகவே சேர், உங்களோடு மீண்டும் பேசுகிறேன். அடுத்த சுற்று மூட இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. புதிய பெற்றோருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறீர்கள், அதை முகநூலில் நேரலையாகவும் போடுகிறீர்கள். கல்லூரியின் விலாசத்துக்கு அந்த நேரத்தை நான் அனுப்பிவிட்டேன். மண்டபத்தில் முன்வரிசையில் நான் இருப்பேன். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். அறைக்குள் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வேண்டாம். ‘நிலையத்தில் சிறு தவறு நடந்தது’ என்று சுற்றிப் பேசவும் வேண்டாம்.

ஒலிவாங்கியை எடுத்து, எல்லாப் பெற்றோருக்கும் முன்னால், ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்: யோகேஸ் எழுதியதை அழித்துவிட்டு அந்தக் கட்டுரையை எழுதியது யார்?